பன்னிரண்டு பைகள்

எங்கள் பக்கத்து வீடுகளில் எதையும் எளிதில் எறிந்துவிட மாட்டார்கள். பொட்டலம் கட்டி வந்த சணல், மூடி தொலைந்த டப்பா, டப்பா தொலைந்த மூடி, காது அறுந்த மஞ்சப்பை, கல்யாணப் பத்திரிகையின் உறை எல்லாமே 'எதுக்காவது ஆகும்' என்கிற ஒரே வாக்கியத்தின் கீழ் அடைக்கலம் பெற்றுவிடும். அந்த 'எதுக்காவது' என்றைக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை. அது வரும் நாளில் பொருள் கைக்கு அகப்படுமா என்றும் கேட்பதில்லை. வைத்திருக்கிறோம் என்பதே போதுமானதாக இருக்கிறது.

துணி விஷயத்தில் இந்தக் குணம் இன்னும் கூடுதல். அதற்கு ஊரே காரணம் என்று நினைக்கிறேன். ராஜபாளையம் நூலால் வளர்ந்த ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் போனால் விசைத்தறிகளின் சத்தம் தெருவுக்கு முன்பாகவே வந்து வரவேற்கும். அங்கே நெய்வது மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. தெற்கே தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரத்தில் நைட்டித் தையல். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினால் சுந்தரபாண்டியத்துக் கைத்தறிச் சேலை. பஞ்சு நூலாவதும், நூல் துணியாவதும், துணி உடுப்பாவதும் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் நடந்து முடிகிற வட்டாரம் இது. இங்கே ஒரு முழத் துணி என்றால் அதற்குப் பின்னால் யாருடைய கை என்பது எல்லாருக்கும் தெரியும். எறிய மனம் வராது.

நான் வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா ராஜபாளையத்தில், அண்ணன் வீட்டில். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது போய்விடுவேன். சில வருடங்களாக ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரே வாக்கியம் காதில் விழத் தொடங்கியது. "எல்லாம் இங்கனதான் கெடக்கு. எனக்குத்தான் அம்புடல."

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணில் கிளாக்கோமா. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தின்றுகொண்டே வரும் நோய் இது. பெரும்பாலும் வலி தெரியாது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும். போன பார்வை திரும்புவதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அம்மாவுக்கு எங்களுக்குத் தெரியவரும்போதே நிறையப் போயிருந்தது. இப்போது வாசல் வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியும். மேசையின் மேல் இருப்பது மருந்துக் குப்பியா மூக்குப்பொடி டப்பியா என்று தெரியாது.

மதினி வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவர். பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு, ஒவ்வொரு டப்பாவின் மேலும் தாள் ஒட்டி, அதன்மேல் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி அடுக்கியிருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கண்ணுள்ளவர்களின் ஒழுங்கு. எழுத்தாலும் நிறத்தாலும் ஆன ஒழுங்கு. அதற்குள் அம்மா விருந்தாளியாகிவிட்டார். மாத்திரைக்கும் சாவிக்கும் கைக்குட்டைக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும். அந்த வீட்டின் ஒவ்வொரு ஆணியும் எங்கே அடிக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தவர், "ஏத்தா, அந்தச் சாவிய கொஞ்சம் எடுத்துத் தாரியா" என்று கேட்கும் குரலில் ஒரு சின்னத் தயக்கம் சேர்ந்திருந்தது. கேட்டு வாங்குகிறவரின் தயக்கம். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுவரில் தொங்கவிடும் பல பைகள் கொண்ட துணித் தொங்கல் ஒன்று தைப்பது என்று முடிவு செய்தேன். கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. பன்னிரண்டு பையும் ஒரே வழவழப்பு. கண் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். அம்மாவுக்கு வேண்டியது ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு துணி. தொட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லும் துணி.

இதற்கு முன்னோடி எங்கள் பாட்டியின் வெற்றிலைப் பை. நான்காக மடிந்து, நாடாவால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். ஒரு மடிப்பில் வெற்றிலை, ஒன்றில் பாக்கு, ஒன்றில் சுண்ணாம்பு டப்பி, கடைசியில் நான்காய் எட்டாய் மடித்த ரூபாய் நோட்டு. விளக்கில்லாத திண்ணையில் பேசிக்கொண்டே அதைப் பிரித்து, எதிரில் இருப்பவரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தாம்பூலம் மடித்துவிடுவார். 'அடை' என்றால் இலை, வெற்றிலை. வெற்றிலைப் பைக்கு 'அடைப்பை' என்று பழைய பெயர் உண்டு. அரசர்களுக்கு அதைத் தாங்கி நின்றவர் அடைப்பைக்காரர். பொருளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை கொடுத்து, துணிக்குள் வைக்கும் யோசனை நமக்குப் புதிதில்லை. அரண்மனையிலும் இருந்திருக்கிறது, பாட்டியின் இடுப்பிலும் இருந்திருக்கிறது.

தையலுக்கு 'துன்னம்' என்று ஒரு சொல் இருந்தது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்துத் தொழிலாளர்களில் துன்னகாரர் வருகிறார்கள். பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் போய்ப் பரிசில் பெறும் பொருநனின் பழைய உடை ஒன்று வருகிறது. ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல். அரசன் அதை நீக்கிப் பாம்பின் உரி போன்ற மெல்லிய ஆடையை அணிவிக்கிறான். உரையாசிரியர்கள் அரசனின் கொடையை வியப்பார்கள். என் மனம் ஏனோ அந்த வேற்று நூலிலேயே நின்றுவிடும். துணியின் நிறத்துக்கு நூல் கிடைக்காமல், கிடைத்த நூலைக் கோத்து, இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும் என்று அந்தக் கந்தலைத் தைத்த கை யாருடையது? பாட்டு அதைச் சொல்லவில்லை.

நிற்க. துணி சேகரித்த கதைக்கு வருகிறேன்.

தளவாய்புரத்தில் எங்கள் சின்னம்மா ஒருவர் வீட்டிலிருந்தபடி நைட்டி தைக்கிறார். வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கழுத்து வெட்டியதும் கை வெட்டியதும் போக விழும் பிறை வடிவத் துண்டுகள் மூலையில் மூட்டையாகக் கிடக்கும். அவற்றை எடைக்குப் போட்டுவிடுவார்கள். திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் ஊர் ஊராகப் போய் மெக்கானிக் கடைகளில் கிரீஸ் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இதற்கும் ஒரு பிற்பிறவி உண்டு. நான் போனபோது சின்னம்மா மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, "வேணுங்கிறத அள்ளிக்கத்தா" என்றார். சத்திரப்பட்டியில் தறி போட்டிருக்கும் உறவினர் ஒருவர் பேண்டேஜ் துணியில் இரண்டு கஜம் கொடுத்தார். இழைக்கும் இழைக்கும் இடைவெளி விட்டு நெய்த துணி. வெளுத்து, பஞ்சின் இயற்கையான மெழுகை நீக்கிய பிறகுதான் அது ஈரத்தை உறிஞ்சும். விரலை வைத்தால் இழைகளின் கட்டம் தனித்தனியாகத் தெரியும். மற்றவை வீட்டிலேயே இருந்தன. அம்மாவின் கிழிந்த சுந்தரபாண்டியத்துச் சேலையின் கரை, பட்டு ரவிக்கை ஒன்று, டர்க்கி டவல், அண்ணன் பையனின் கார்டுராய் பேண்ட், ஜீன்ஸ். அப்புறம் அப்பாவின் காக்கிச் சட்டை.

அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நூலை இரண்டு விரல்களுக்கிடையே உருட்டி, நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்று சொல்லிவிடுவார். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். "கண்ண மூடிட்டுத் தொடு, தெரியும்" என்பார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

வெட்டுவதற்கு முன் துணிகள் எல்லாவற்றையும் அம்மாவின் மடியில் போட்டேன். இதை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, சிலவற்றை ஒதுக்கினார். இரண்டு நைட்டித் துணிகள் எனக்குக் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக வேறு வேறாகத் தெரிந்தன. அவருக்கு இரண்டும் ஒன்று. ஒன்றை எடுத்து வைத்துவிட்டோம். பட்டு வந்ததும் "இது பணம்" என்றார். சேலைக் கரையைக் கட்டைவிரலால் வருடிவிட்டு, "சாவி" என்றார். ஏன் என்று கேட்டேன். சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலம் என்றார். இப்படியாக அரைமணி நேரத்தில் ஒரு வீடு முழுவதற்கும் பங்கீடு முடிந்துவிட்டது.

தைக்க விரும்புகிறவர்களுக்காக அளவைச் சொல்லிவிடுகிறேன். அடித்துணி இருபத்து நான்கு அங்குல அகலம், முப்பத்தாறு அங்குல உயரம். பழைய சென்னிமலைப் போர்வையை இரட்டையாக மடித்து எடுத்துக்கொண்டேன். பாவு நூல் மேலிருந்து கீழாக வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம்தான் துணி பாரத்துக்கு இளகாது. மேலே மூன்று அங்குலம் கழி நுழைக்க மடிப்பு. கீழே நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று பை. ஒவ்வொரு பையும் எட்டங்குல அகலம், ஏழங்குல ஆழம். வரிசைகளுக்கு நடுவில் ஒன்றரை அங்குலம் விட்டால் மேல் பையிலிருந்து வழுக்கிய விரல் கீழ்ப் பைக்குள் போய்விடாது. பையைத் தட்டையாகத் தைத்தால் உள்ளே கை நுழையாது. இரண்டு ஓரங்களிலும் ஓரங்குல மடிப்பு வைத்தால் வாய் திறந்து நிற்கும். அதற்குப் பை ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலத் துணி வேண்டும், தையலுக்கு விடுவது தனி. புதுத்துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் ஒரு பை சுருங்கி அடுத்த பையை இழுக்கும். பேண்டேஜ் துணி பிசிறு விடும். அதை நான்கு மடிப்பாக்கி, உள்ளே நைட்டித் துணியால் அடி கொடுத்தேன். ஜீன்ஸும் போர்வையும் சேருமிடத்தில் பதினெட்டாம் நம்பர் ஊசி. பைகளின் மேல் மூலைகளில் முன்னும் பின்னுமாக மூன்று முறை தையல். பை பிய்ந்தால் முதலில் பிய்வது அங்கேதான்.

தைத்தது அம்மாவின் உஷா மிதி இயந்திரத்தில். காந்தியிடம் 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என்று கேட்டபோது, அவர் விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்ட அன்பிலிருந்து பிறந்தது அது என்று காரணமும் சொன்னார். 1851-ல் காப்புரிமை பெற்ற சிங்கரின் வாழ்க்கை உண்மையில் அத்தனை சீரானதல்ல. ஒரே காலத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்த மனிதர். கேள்வி கேட்ட ராமச்சந்திரன் பின்னாளில் தம் மனைவி டி.எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் நம் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார். காந்திக்குக் கதை எப்படி வந்து சேர்ந்ததோ, ஆனால் அவர் அந்த இயந்திரத்தில் கண்டது சரி என்றே தோன்றுகிறது. மிதித்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். தைப்பவரின் வேகத்தை மீறி ஓடுவதில்லை. அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தையல் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "நூல் தளர்ந்திருக்கு, பாபின பாரு" என்றார். பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.

விரித்துப் போட்டபோது சதுரம் சதுரமாக வரப்பு வெட்டிய வயலைப் போல இருந்தது. புத்தத் துறவிகள் உடுத்தும் சீவரம் துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, அந்த அமைப்பில் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநயப் பிடகத்தில் உள்ளது. ஒட்டுத் துணிக்கு வயல் நினைவு வருவது இயல்புதான் போலும்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அம்மா உட்கார்ந்தால் தோளிலிருந்து முழங்கால் வரை வரும் உயரத்தில் மாட்டினோம். மேல் வரிசை மூன்றும் பேண்டேஜ் துணி. மருந்துக்கு அதுதான் என்று அம்மாவின் தீர்ப்பு. காலை மாத்திரைப் பையில் ஒரு பொத்தான், மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. சொட்டு மருந்துக் குப்பிகள் டர்க்கி டவல் பையில். ஒரு குப்பிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இன்னொன்றுக்கு இரண்டு. மருத்துவமனைச் சீட்டுகள் கார்டுராயில். காக்கிப் பையில் செல்போனை வைக்கலாம் என்றேன். "அது உங்க அப்பாது" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து அப்பாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி அதில் வைத்தார். கண்ணாடியால் இனி யாருக்கும் பயனில்லை. அந்தப் பையை அவர் தொடாத நாளும் இல்லை என்று மதினி சொல்கிறார்.

பன்னிரண்டாவது பைக்குத்தான் வழக்கு வந்தது. அம்மா ஊசி நூலுக்கு இடம் கேட்டார். அண்ணன் ஒரேயடியாக மறுத்தான். கையில் குத்தும், மெத்தையில் விழும், பிள்ளைகள் நடமாடும் வீடு. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா வாதிடவில்லை. "நாப்பது வருசம் ஒங்களுக்குத் தச்சவடா நான்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஜீன்ஸின் பின்பாக்கெட்டை அப்படியே வெட்டித் தைத்து, அதற்குள் ஒரு தைல டப்பா, டப்பாவுக்குள் காந்தத் துண்டு, காந்தத்தில் ஒட்டியபடி இரண்டு ஊசிகள் என்று சமாதானம் ஆனது. காதின் தலைப்பில் பிளவுள்ள ஊசி கிடைக்கிறது. நூலை மேலே வைத்து அழுத்தினால் தானாக உள்ளே இறங்கிவிடும். பார்வையில்லாதவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது.

வீட்டை ஒழுங்கு செய்வது பற்றி ஜப்பானின் மாரி கோண்டோ எழுதிய புத்தகம் 2014-ல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் விற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அது பொருள்கள் மிகுந்துபோனவர்களின் கேள்வி. பொருளைக் கையில் எடுக்கும்போது அம்மாவுக்கு இருந்த கேள்வி வேறு: இது எது? இது எங்கே இருக்க வேண்டும்? அடசல் என்பது பொருள் நிறைய இருப்பது மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம். தனக்கு வேண்டியது தன் கைக்கு எட்டாத ஒருவருக்கு, நான்கே பொருள் இருக்கும் வீடும் அடசல்தான்.

மாட்டி மூன்று வாரம் கழித்துப் போயிருந்தேன். அண்ணன் தன் சார்ஜரை அம்மாவின் கைக்குட்டைப் பையில் சொருகி வைத்திருந்தான். அம்மா அதை எடுத்துத் தரையில் போட்டார். அவன் திரும்ப வைத்தான். திரும்பவும் தரைக்கு வந்தது. "ஒனக்கு வேணும்னா ஒன் தங்கச்சிகிட்டச் சொல்லித் தனியாத் தச்சுக்கோ. இதுல எடம் இல்ல" என்றார். அந்தக் குரலில் தயக்கம் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கேட்ட குரல். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். டப்பாக்களில் ஒட்டிய தாள்களுக்கு மேல் இப்போது அவரும் பொத்தான் ஒட்டத் தொடங்கியிருக்கிறார். சீனிக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு.

எதிர்வீட்டு அத்தைக்கும் சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. வந்து பார்த்துவிட்டு, தனக்கும் இதேபோல ஒன்று வேண்டும் என்றார். அம்மா அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, என்னென்ன மாத்திரை, எதை எதைத் தேடி அலைகிறாய், சின்ன வயதில் என்ன சேலை கட்டுவாய், வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். அத்தை தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்தவராம். சொரசொரப்பான துணியாக ஏதாவது வேண்டும் என்று அம்மா என்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். சணல் சாக்கு ஒன்றைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.